இரண்டு கேட்டுக்கு நடுவில்

வெள்ளிக்கிழமை

அன்புள்ள பின்லாரித் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் மகளும் இருக்கிறோம், வேளைக்குச் சாப்பிடுகிறோம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். பின்லாரி என்று எழுதினதற்குக் கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் உன் அண்ணன் உன்னை அப்படித்தான் சொல்வார். என்றைக்கு லோடு ஏற்றினாலும் க்யூவில் அவருக்குப் பின்னால் உன் வண்டிதான் வந்து நிற்குமாம். பெண்டாட்டி மூஞ்சியைப் பார்த்ததைவிட சைடு கண்ணாடியில் அந்தப் பயல் மூஞ்சியைப் பார்த்ததுதான் ஜாஸ்தி என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். மகள் திருத்தித் தருகிறேன் என்றாள். என் தம்பிதானே படிக்கப்போகிறான், நீ போய் உன் பாடத்தைப் படி என்று அனுப்பிவிட்டேன்.

நான் இரண்டு தடவை ஆளிடம் சொல்லிவிட்டும் நீ பதில் சொல்லவில்லை. உன் வீட்டுக்காரி போனை நீட்டினால் எழுந்து வெளியே போய்விடுகிறாயாம். அதனால்தான் இந்தக் கடிதம். நீ எழுந்து போனாலும் காகிதம் அங்கேயே கிடக்கும் இல்லையா? சிமெண்டு லாரிக்காரரிடம் கொடுத்துவிடுகிறேன். உன் கையில் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை என்று சொல்லியிருக்கிறார்.

உன் வீட்டுக்காரி எல்லாம் சொன்னாள். வண்டியைத் தொட்டு ஏழு மாதம் ஆகிறதாம். செங்கல் சூளைக்குப் போகிறாயாம். எங்கள் நாட்டுக் கேட்டுக்குப் போயிருந்தால் அண்ணன் பிழைத்திருப்பார், எங்கள் கேட்டுக்குப் போயிருந்தால் அண்ணன் பிழைத்திருப்பார் என்று அதையே சொல்லிக்கொண்டு இருக்கிறாயாம்.

பொய் சொல்ல மாட்டேன் தம்பி. நாலு மாதம் நானும் அதையேதான் நினைத்தேன். உன்னைத் திட்டினேன். வாய்விட்டே திட்டினேன். எல்லையில் இரண்டு கேட்டுக்கும் நடுவில் அவர் வண்டி நின்ற இடத்திலிருந்து உங்கள் நாட்டுக் கேட் நூறு அடி. எங்கள் கேட் நானூறு அடி. முன்னேயும் பின்னேயும் லாரி, வண்டியைத் திருப்ப வழியில்லை. நெஞ்சு வலி என்று சாய்ந்தவரை நீ தோளில் போட்டுக்கொண்டு இந்த நானூறு அடியை நடந்தாய். வந்து பார்த்தால் எங்கள் கேட் சாப்பாட்டு நேரம் என்று பூட்டிக் கிடக்கிறது. சாவிக்காரர் வருவதற்குப் பதினெட்டு நிமிஷம். அந்த நேரம் உங்கள் கேட் திறந்துதான் இருந்தது. பக்கத்தில் இருந்ததை விட்டுவிட்டு இவன் ஏன் இங்கே வந்தான் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் கேட்டேன். அப்புறம் ஒருநாள் பாத்திரம் கழுவும்போது என்னையே கேட்டுப் பார்த்தேன். நானாக இருந்தால் எங்கே ஓடியிருப்பேன்? இங்கேதான் ஓடி வந்திருப்பேன். அவர் இந்த நாட்டு ஆள், அங்கே போனால் அந்தத் தாள் இந்தத் தாள் என்று கேட்பார்கள் என்றுதான் எனக்கும் தோன்றியிருக்கும். இத்தனை வருஷம் நம்மை அப்படித்தானே பழக்கி வைத்திருக்கிறார்கள்.

இதற்காக மட்டும் நான் எழுதவில்லை. உனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. நிதானமாகப் படி.

மூன்று மாதத்துக்கு முன்னால் இரண்டு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து இங்கே ஒரு கூட்டம் போட்டார்கள். இனிமேல் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சோதனை போடுவது என்று பேச்சு. வியாபாரிகள், டிரைவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். மைக்கை நீட்டினார்கள். மைக்கை எனக்கு எதற்கு, எனக்கே குரல் இருக்கிறது என்றேன், சிரித்தார்கள். பிறகு நான் அன்றைக்கு நடந்ததைச் சொன்னதும் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் தாளில் எத்தனை மூட்டை என்று எழுதுவார்கள், உங்கள் தாளில் எத்தனை எடை என்று கேட்பார்கள், எடை எழுதி முத்திரை வாங்கி வா என்று அவரைத் திரும்பிப் போகச் சொன்னார்கள், திரும்பினால் எங்கள் கேட் பூட்டு, இது திறக்கும்போது உங்கள் கேட் சாப்பாட்டுக்குப் பூட்டும், அந்த வெயிலில்தான் அவர் உட்கார்ந்திருந்தார் என்று சொன்னேன்.

அப்போது உங்கள் பக்கத்து அதிகாரி ஒருவர் எழுந்தார். கொஞ்சம் தடித்த ஆள், மூக்குக் கண்ணாடி போட்டிருப்பார். அம்மா, அன்றைக்கு அந்தக் கேட்டில் டூட்டி பார்த்தது நான்தான் என்றார். அந்த டிரைவர் அவரைத் தூக்கிக்கொண்டு போனதை நான் என் கண்ணால் பார்த்தேன், அவர் என்னிடம் வந்திருந்தாலும் நுழைவுத் தாள் இல்லாமல் நான் உள்ளே விட்டிருக்க மாட்டேன், அன்றைக்குச் சட்டம் அப்படி, நானும் அப்படித்தான் இருந்தேன் என்றார். எல்லார் முன்னாலும் சொன்னார். கூட்டத்தில் எழுதுகிற நோட்டிலும் அதை எழுதச் சொன்னார்.

கேட்டாயா? எங்கே போயிருந்தாலும் பூட்டுதான் தம்பி. நீ தப்பான பக்கம் போகவில்லை. சரியான பக்கம் என்று ஒன்று அன்றைக்கு இல்லவே இல்லை.

இப்போது நடுவில் ஒரு பெரிய கொட்டகை போட்டு, அதில் எனக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். சோதனைக்குப் பிரித்த மூட்டையைத் திரும்பத் தைக்கிற வேலை. முன்னே இங்கே ஒரு தரம் பிரிப்பார்கள், அங்கே ஒரு தரம் பிரிப்பார்கள். இப்போது ஒரே தரம், ஒரே தாள். உன் நாட்டு அதிகாரியும் என் நாட்டு அதிகாரியும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே ஃபேனுக்குச் சண்டை போடுகிறார்கள். உங்கள் கடிகாரம் எங்களுக்கு அரை மணி பின்னால் இல்லையா, முதல் வாரம் சுவரில் இரண்டு கடிகாரம் மாட்டியிருந்தார்கள். ஒருத்தர் பசிக்கிறது என்பார், இன்னொருத்தர் இன்னும் மணி ஆகவில்லையே என்பார். இப்போது மாற்றி மாற்றிச் சாப்பிடுகிறார்கள், கேட் பூட்டுவதே கிடையாது. ஆம்புலன்சு எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் தாள் கேட்காமல் விட வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. நான் தினம் அதைத் தாண்டித்தான் போகிறேன். உன் அண்ணனுக்கு உதவாதது, ஆனாலும் படித்துவிட்டுத்தான் போகிறேன்.

அந்த மூக்குக் கண்ணாடிக்காரரும் அங்கேதான் இருக்கிறார். முதல் வாரம் எல்லார் மேஜைக்கும் தண்ணீர் வைத்தேன், அவருக்கு வைக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை, தானே எழுந்து போய்ப் பிடித்துக் குடித்தார். இப்போது வைக்கிறேன். மனசு ஆறிவிட்டதா என்றால் இல்லை. ஆனால் அந்த மனுஷன் அன்றைக்கு வாயைத் திறந்திருக்காவிட்டால் நான் இன்னும் உன்னைத் திட்டிக்கொண்டு இருந்திருப்பேன்.

இந்த வழியில் பழைய டிரைவர்களுக்கு இரண்டு பக்கமும் செல்லுகிற ஒரே அட்டை கொடுக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் கொடுத்தால் புது ஆள் கணக்குதான், எப்போது கிடைக்கும் என்று தெரியாது. நான் தினம் சாயங்காலம் பட்டியலைப் பார்க்கிறேன். உன் பெயர் இல்லை. இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. உன் பெயரை நானே கொடுக்கிறேன் என்றேன், ஆள் வந்து கைநாட்டோ கையெழுத்தோ போட வேண்டுமாம்.

நீ வா தம்பி. செங்கல் சுமப்பது ஒன்றும் கேவலமான வேலை இல்லை, ஆனால் நீ அதைத் தண்டனையாகச் சுமக்கிறாய். உனக்கு யாரும் தண்டனை கொடுக்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

வருகிற நாளை மட்டும் சிமெண்டு லாரிக்காரரிடம் சொல்லிவிடு. அன்றைக்குக் கொட்டகை மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வெளியே நிற்பேன். நீ கையெழுத்துப் போட்டதும் அண்ணன் வண்டி நின்ற இடத்தைக் காட்டு. அங்கிருந்து எங்கள் கேட் வரைக்கும் என்னோடு நடந்து வா. நீ எதுவும் பேச வேண்டாம், நானும் ஒன்றும் கேட்க மாட்டேன். அவர் கடைசியாக வந்த வழி, எனக்கு அது தெரியாது, உனக்குத்தான் தெரியும்.

நீயும் உன் குடும்பமும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அக்கா