பிள்ளையாருக்குக் கீழே இரண்டு பெயர்கள்

போன வாரம் நம் இக்காஸ்ட் வக்கீல் அலுவலகத்தின் பின்னறை அலுமாரியை ஒதுக்கினேன். கடைசித் தட்டில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே ஒரு கட்டு நாட்காட்டிகள் கிடந்தன. உறையைக் கிழித்ததும் பழைய அச்சு மையின் மணம். மேலே பிள்ளையார். அவருக்குக் கீழே உன் பெயரும் என் பெயரும். அதற்கும் கீழே, நான் ஒழுங்காக எழுதிக் கொடுத்த வரி: விவாகரத்து, மரணசாசனம், விபத்து நட்டஈடு.

நீ இருந்திருந்தால் அந்தத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்திருப்பாய்.

அலுமாரியை ஒதுக்கியதற்குக் காரணம் இருந்தது. ஓகூஸ் நகரில் ஒரு பெரிய சட்ட நிறுவனம் என்னை வரச்சொல்லிக் கேட்டிருந்தது. நல்ல அறை, உதவிக்கு ஆட்கள், விளம்பரத்தைக் கவனிக்கவென்றே ஒருவர். மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். நீ போன வசந்தத்தில் இறந்த பிறகு இங்கே தொலைபேசி அடிப்பது குறைந்துவிட்டது. வந்தவர்கள் உன்னைத் தேடி வந்தவர்கள் என்பது எனக்குத் தெரியும்.

படிக்கும் காலத்திலிருந்தே நாம் இதைப் பற்றி வாதாடியிருக்கிறோம். வேலையை நன்றாகச் செய்தால் ஆட்கள் தாமாக வருவார்கள் என்பது என் கட்சி. இக்காஸ்டில் இந்த இரண்டு அறைகளைத் திறந்து முதல் குளிர்காலம் முழுவதும் அநேகமாகச் சும்மா இருந்தபோது நீ சொன்னாய்: "நாங்கள் இருக்கிறதே சனத்துக்குத் தெரியாதடி. பிறகு எப்பிடித் தாமா வருவினம்?" நாட்காட்டி உன் யோசனை. இங்கே குடியேறிய எல்லாத் தமிழர் வீட்டிலும் ஒன்று தொங்கும், தினமும் நம் பெயரைப் பார்ப்பார்கள் என்றாய். படத்தை நீ தெரிவுசெய்தாய், வரியை நான் எழுதினேன். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை.

நாட்காட்டியைக் கடையில் வைத்துக் கொடுத்த தமிழ்க்கடைக்கார அண்ணைதான் பக்குவமாகச் சொன்னார். "தங்கச்சி, குறை நினையாதேங்கோ. வருசப் பிறப்பண்டு காலமை சாமியறையிலை விளக்கைக் கொளுத்திப்போட்டு நிமிந்து பாத்தால் விவாகரத்து எண்டு கிடக்கு. ஆர் சுவரிலை கொழுவுவினம்?"

ஆனால் பிள்ளையாரைக் குப்பையில் போடவும் யாருக்கும் மனம் வரவில்லை. சில மாதங்கள் கழித்து ஒரு வீட்டுக்குப் போனபோது அதே பிள்ளையார் சட்டம் போட்ட படமாகச் சுவரில் இருந்தார். கீழ்ப்பகுதியைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தார்கள். திரும்பும்போது காரில் நீ அடக்க முடியாமல் சிரித்தாய். "எங்களை வெட்டி எறிஞ்சுபோட்டு அவரை மட்டும் வைச்சிருக்கினமடி."

அதோடு நீ அச்சடிப்பதை விட்டுவிட்டாய். கல்யாணம், பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடு, கோயில் திருவிழா, கிறிஸ்தவ சபைகளின் நத்தார் விருந்து என்று எல்லாவற்றுக்கும் போகத் தொடங்கினாய். மேசை மேசையாகப் போய்க் கதைப்பாய். நான் வந்தாலும் ஒரு மூலைக் கதிரையில் இருப்பேன். "இது வக்கீல் வேலையில்லை, சாமான் விக்கிற வேலை" என்று ஒருநாள் சொன்னேன். "நீ ஃபைலோடை கதை. நான் ஆக்களோடை கதைக்கிறன்" என்றாய்.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில், வழக்கு முடிந்து போனவர்களுக்குத் தொலைபேசி எடுப்பாய். வழக்கைப் பற்றி ஒரு சொல் இராது. முழங்கால் நோவு எப்படி, மகளின் பரீட்சை எப்படி, இவ்வளவுதான். ஆலோசனை கேட்டு வருபவர்களில் சிலரிடம், "உதுக்கு அட்வகாட் தேவையில்லை, கொமுனவிலை கேளுங்கோ, அவையே செய்து தருவினம்" என்று நகரசபைக்கு அனுப்பிவிடுவாய். வந்த ஆளையும் அனுப்புகிறாளே என்று எரிச்சலாக இருக்கும். அப்படிப் போனவர்கள் பிறகு தங்கள் சொந்தக்காரரை அழைத்து வந்தார்கள். அதையும் நான் தற்செயல் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. எல்லாரோடும் கதைக்கிற நீ, கல்யாண வீடுகளில் நம்மிடம் வழக்குக் கொடுத்தவர்களைக் கண்டால் முகம் கொடுக்கமாட்டாய். ஒரு வருடமாக நீ உயிரைக் கொடுத்து வாதாடிய பெண் பக்கத்தால் போவாள்; நீ சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாய். அவளாகச் சிரித்தால் மட்டும் சிரிப்பாய். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே இருந்தபோதுதான் ஏனென்று கேட்டேன்.

"விசரி. எங்களோடை கதைக்கிறவளுக்கு வீட்டிலை பிரச்சினை எண்டுதானே சனம் நினைக்கும்? அவளா வரட்டும் எண்டுதான் நான் பாக்காமல் இருக்கிறது. அதுக்காகத்தான் மற்ற எல்லாரோடையும் கதைக்கிறதும். எல்லாரோடையும் கதைக்கிறவள் ஒருத்தியோடை கதைச்சால் ஆரும் திரும்பிப் பாக்கமாட்டினம்."

இத்தனை வருடம் நீ விளம்பரம் செய்கிறாய் என்று நினைத்திருந்தேன். உன் போர்வையைச் சரிசெய்தேன்.

சனிக்கிழமை பக்கத்து ஊரான பிராண்டேயில் ஒரு கல்யாணம். விளையாட்டு மண்டபத்தில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மணவறை. போகாமல் விடத்தான் இருந்தேன். ஓகூஸுக்குப் பதில் எழுதுமுன் ஒருமுறை உன்னைப் போல் செய்து பார்ப்போம், சரிவராது என்று உறுதியாகிவிடும் என்று எண்ணிப் போனேன். முதல் மேசையில் ஒரு முதியவரிடம், சாப்பிட்டீர்களா, எங்கேயிருந்து வந்தீர்கள், எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, நான் ஒரு குற்றமும் செய்யேல்லை." மேசை முழுவதும் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த மேசைக்குப் போனேன். காற்று, இருட்டு, இக்காஸ்ட் ரயில் பிந்தியது, எல்லாம் கதைத்தேன். உன்னைப் போல் வரவில்லை. ஆனாலும் எல்லா மேசைக்கும் போனேன்.

களைத்துப்போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஒருத்தி பக்கத்தில் வந்து கோப்பையை எடுத்தாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அக்கா, திங்கக்கிழமை ஒபிசிலை நிப்பீங்களோ?"

"ஓம், நிப்பன்."

"வேலை முடிஞ்சு வாறன்." பிறகு குரலை உயர்த்தினாள். "வடை நல்லாயிருக்கு, ஒண்டு எடுங்கோ அக்கா."

எடுத்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை ஓகூஸுக்கு, வரவில்லை என்று எழுதிவிட்டேன். நாட்காட்டிகளைத் திரும்பவும் அலுமாரியில் வைத்தேன். பிள்ளையாரைக் குப்பையில் போட எனக்கும் மனம் வரவில்லை. திங்கட்கிழமை அவள் வந்தாள். அவள் சொன்னதை உனக்கும் சொல்ல முடியாது.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. பின்னேரம் தொலைபேசியோடு இருப்பேன், முழங்கால்களையும் பரீட்சைகளையும் விசாரிப்பேன். அடுத்த கல்யாணத்தில் அவளைக் கண்டால் நானாகச் சிரிக்கமாட்டேன். மற்ற எல்லாரோடும் கதைப்பேன்.