கேட் முன்னால் ஐந்தாம் ஸ்தலம்

என் சண்டைக்கார மச்சான் சூசைக்கு,

செவ்வணக்கம். நீ இருந்திருந்தால் பதிலுக்கு வேண்டுமென்றே "தோத்திரம் மச்சான்" என்று சொல்லியிருப்பாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன். இப்போது நான் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போகலாம், எதிர்த்துப் பேச ஆளில்லை. அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

நீ போன பிறகு வருகிற முதல் பெரிய வெள்ளி நாளைக்கு. இன்று வியாழன் மத்தியானம், நம் கம்பெனி கேட்டுக்கு எதிரே தார்ப்பாய்ப் பந்தலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆமாம், மறுபடியும் பந்தல். கதவடைப்பு வருஷம் நீயும் நானும் உட்கார்ந்திருந்த அதே இடம், அதே சாக்கடை நாற்றம். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. டிரைவர்கள் இறங்கி நிழலில் சீட்டு ஆடுகிறார்கள்.

உள்ளே நம் ஆட்கள் யாரும் இல்லை, மச்சான். எல்லாரும் காண்ட்ராக்ட். ஷிஃப்ட்டுக்குச் சங்கு ஊதுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். முகத்தைக் காட்டினால் கதவைத் திறக்கிற மெஷின் வைத்திருக்கிறார்கள். போன மாதம் ஏழெட்டுப் பேர் சேர்ந்து சங்கம் வைக்கப் பேசினார்கள். மறுநாள் காலையில் அந்த மெஷினுக்கு அவர்கள் முகம் மட்டும் தெரியவில்லை. வேலையை விட்டு எடுத்தாயிற்று என்று சொல்ல மேனேஜர்கூட வெளியே வரவில்லை. அவர்கள்தான் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாதிப்பேர் ஒடிசாக்காரர்கள். நம்மைப் போலக் கத்தத் தெரியாது, பேசாமல் கேட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

உன்னிடம் ஒரு சண்டை பாக்கியிருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கதவடைப்பு வருஷத்துப் பெரிய வெள்ளியை நீ மறந்திருக்க மாட்டாய். உங்கள் கோயிலிலிருந்து சிலுவைப்பாதை கிளம்பும், தெருத்தெருவாகப் பதினான்கு ஸ்தலத்தில் நின்று ஜெபம் சொல்லும். அந்த வருஷம்தான் நீ பழைய ஃபாதரிடம் போய், ஐந்தாம் ஸ்தலத்தைக் கேட் முன்னால் வைக்கவேண்டும் என்று அடம்பிடித்தாய். இயேசுவுக்கு முடியாமல் போகும்போது சீமோன் என்பவன் சிலுவையைச் சுமக்கிற இடம் அது. ஏன் அதுதான் என்று நான் கேட்டதற்கு நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"சீமோன் யாருன்னு நெனச்சே? பக்தன் இல்ல மச்சான். காட்டுலேர்ந்து வேலைய முடிச்சிக்கினு வூட்டுக்குப் போய்க்கினு இருந்தவன். சிப்பாய்ங்க புடிச்சி, தூக்குடான்னுட்டான். கூலி கெடையாது, கேள்வி கெடையாது. நம்ம காண்ட்ராக்ட் ஆளு மாரி."

அன்றைக்குக் கேட் முன்னால் சிலுவை வந்து நின்றது. நீ முன்னால் போய்த் தோள் கொடுத்தாய், பாய்லர் செக்‌ஷன் துரை பின்னால் பிடித்தான். துரைக்குச் சிலுவைப்பாதையும் தெரியாது, ஒன்றும் தெரியாது. ஃபாதர் ஜெபத்தில் முதல் பாதியைச் சொன்னார், மீதியைக் கூட்டம் சொல்லவேண்டும். வெயிலில் நடந்து வந்த கூட்டம் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. ஒருவர் பாதி சொல்லி நிறுத்தினால் மீதியை என்ன சொல்வது என்று துரைக்குத் தெரியும், இருபது வருஷ கேட் மீட்டிங் பழக்கம். தொண்டை கிழிய "ஜிந்தாபாத்!" என்றான்.

என் தங்கச்சி செல்வி முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். நான் எதிரே டீக்கடையில் நின்றிருந்தேன், டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன். ஃபாதர் துரையை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த ஸ்தலத்துக்கு நடங்கள் என்று மட்டும் சொன்னார். ஆறாம் ஸ்தலம் அண்ணாச்சி கடை வாசல். அங்கே கோயில் பெண்கள் காய்ச்சி வைத்திருந்த பெரிய வெள்ளிக் கஞ்சி பந்தலுக்கு வந்தது. எங்கள் சங்கத்துக் கஞ்சித்தொட்டி காலியாகி அன்றைக்கு மூன்றாவது நாள். நானும் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வருஷாவருஷம் அதுவே வழக்கமாகிவிட்டது. கேட்டில் சங்கத்து ஆட்கள் சிலுவையை வாங்கவேண்டும், அண்ணாச்சி கடை வரைக்கும் சுமக்கவேண்டும். நம்புகிறவன் நம்பாதவன் என்று நீ பார்க்கவில்லை. நான் மட்டும் டீக்கடையை விட்டு நகரவில்லை. அதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது, இப்போதும் சொல்கிறேன். வலிக்கிறது என்று சொல்கிறவனுக்கு மேலே ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று பதில் சொல்வது எனக்கு ஆகாது.

எத்தனை வருஷம் இதையே பேசியிருப்போம்! முதல் கிறித்தவர்கள் சொத்தையெல்லாம் விற்றுப் பொதுவில் வைத்துச் சாப்பிட்டார்கள், "அப்ப உன் கட்சி பொறக்கவே இல்லடா" என்பாய். "பொதுவுல வெச்சாங்க சரி, கோயிலுக்கு எதுக்கு மச்சான் இம்மாம் பெரிய காம்பவுண்டு?" என்று நான் கேட்பேன். நீ விடமாட்டாய். "உங்க ஆபீஸ் ரூமுக்குப் பூட்டு இல்லியா?" என்பாய். பூட்டு இருந்தது. சங்கத்தில் உன்னை ஃபாதர் என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள், கோயிலில் தோழர் என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். இரண்டு பக்கமும் இளக்காரமாகச் சொன்னதை நீ இரண்டு பட்டமாக வைத்துக்கொண்டாய். அந்தத் தைரியம் உனக்கு எங்கிருந்து வந்தது?

ஆஸ்பத்திரியில் ஃபாதர் உன் நெற்றியில் எண்ணெய் பூசிவிட்டுப் போனபோது நான் வெளியே வராந்தாவில்தான் நின்றிருந்தேன். உள்ளே வந்ததும் நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்.

"பேச்சுவார்த்த இன்னா ஆச்சு?"

"இழுத்துகினு கீது மச்சான்."

"வுட்றாத."

அவ்வளவுதான் நாம் கடைசியாகப் பேசியது. எதை விடவேண்டாம் என்றாய்? பேச்சுவார்த்தையையா? செல்வியையா? வேறு எதையாவதா? கேட்டிருக்கலாம். நீ கண்ணை மூடிக்கொண்டாய். எண்ணெய் பூசிய மனுஷன் சொர்க்கத்தைப் பற்றிக் கேட்காமல் நம் பழைய ஆட்களின் பாக்கிச் சம்பள ஒப்பந்தத்தைப் பற்றி ஏன் கேட்டான் என்று இன்றைக்கும் நான் உழன்றுகொண்டிருக்கிறேன். உனக்கு அது இரண்டும் ஒன்றுதானா? எனக்கு ஒன்றில்லையே.

உன்னைக் காசிமேட்டுக் கல்லறையில் வைத்தோம். என் அப்பா மூலக்கொத்தளம் சுடுகாட்டில் இருக்கிறார், நானும் அங்கேதான் போவேன். வாழ்நாள் முழுக்க ஒரே பந்தலில் உட்கார்ந்துவிட்டு, கடைசியில் ஆளுக்கொரு மூலை. இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, யார் மேல் என்று தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் சிலுவைப்பாதை கேட்டுக்கு வராது என்று கோயில் பங்குப் பேரவையில் முடிவு செய்துவிட்டார்கள். உள்தெருவோடு போகுமாம். போன வாரம் செல்வி எம்.கே.பி. நகருக்கு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னாண்ணா, கம்முனு குந்திகினு கீறே? அவரு வெச்ச ஸ்தலத்த எடுத்துட்டாங்க. கெளம்பு."

இருவருமாகப் புது ஃபாதரைப் பார்க்கப் போனோம். சின்ன வயசு, தெற்கத்திப் பையன், கெட்டவர் இல்லை. பயப்படுகிறார்.

"ஐயா, மெயின் ரோடு வேண்டாம்னு போலீஸ் சொல்லுது. பந்தல் வேற இருக்கு. அங்க போய் நின்னா இது ஜெபமா போராட்டமான்னு கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

செல்விதான் பேசினாள். "அவரு இருந்தாருன்னா உங்ககிட்ட கேட்டுக்கினு இருக்க மாட்டாரு ஃபாதர். தோள் குடுத்துட்டுப் போயிருப்பாரு."

அவர் சொன்னார்: "போலீஸ்கிட்ட நான் பேசறேன். ஆனா கேட்ல சிலுவையை வாங்க உங்க பக்கம் ஆள் இருக்கணும். நான் அங்க கொண்டு வந்து, யாரும் கை நீட்டாம நின்னா, அந்தப் பசங்களுக்குத்தான் அசிங்கம். ஆள் இல்லன்னா உள்தெருதான்."

அவர் கேட்டது நியாயம்தான். ஆளுக்குத்தான் அலைந்தேன். துரை மகனோடு மாத்தூரில் இருக்கிறான், முட்டி போய்விட்டது, எழுந்து நிற்கவே சுவரைப் பிடிக்கிறான். மற்றவர்களில் பாதிப்பேர் உன் பின்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பந்தலில் இருக்கிற பிள்ளைகளைக் கேட்டேன். சிலுவை தூக்குகிற போட்டோ ஊருக்குப் போனால் வீட்டில் வேறு பிரச்சினை கிளம்பும் என்றார்கள். வேலையும் போய், வீடும் போகவேண்டுமா? நான் வற்புறுத்தவில்லை.

பிறகு நம் சங்கத்தின் கிளை ஆபீசுக்குப் போனேன். இப்போதைய செயலாளர் நல்ல பிள்ளை, புத்தகமெல்லாம் படித்தவன். "தோழர், நீங்க செயலாளரா இருந்தவரு. நீங்க போய்த் தூக்கினா, கடைசி காலத்துல மதம் மாறிட்டாருன்னு வாட்ஸப்ல போட்டுடுவாங்க. கூட்டம் வேணும்னா வேற வழி பார்க்கலாமே" என்றான்.

அந்தக் கூட்டம் என்ற வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. உண்மையைச் சொல், மச்சான். நான் இதற்கு அலைவது கூட்டத்துக்காகத்தானா? ஆயிரம் பேர் கேட் முன்னால் வந்து நின்றால் இந்தப் பிள்ளைகளை ஊர் பார்க்கும், மேனேஜர் மாடியிலிருந்தாவது எட்டிப் பார்ப்பான். அது வேண்டும் எனக்கு, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மட்டும்தான் என்றால் உன் சாமியை நான் மைக்செட் மாதிரி வாடகைக்கு எடுக்கிறேன் என்றாகிறது. உனக்காகத்தான் என்றால், உயிரோடு இருந்தபோது நகராதவன் செத்த பிறகு எதற்கு நகர்கிறான்? நீயும் இப்படி யோசித்துப் புரண்டதுண்டா? உன்னைப் பார்த்தால் அப்படித் தெரிந்ததே இல்லை. படுத்தால் குறட்டை விடுவாய்.

நேற்று ஃபாதர் பங்களாவுக்குத் தனியாகப் போனேன். ஆள் இருக்கிறது என்றேன். யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். "ஐயா, உங்களுக்கு விசுவாசம் உண்டா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இல்லை என்றேன். அவர் வேறெதுவும் கேட்காமல் எவ்வளவு கனம் என்பதை மட்டும் சொன்னார். பழைய சிலுவையே, தேக்கு. போலீசும் கால் மணி நேரம் கொடுத்திருக்கிறதாம்.

கிளைச் செயலாளரிடம் சொல்லிவிட்டேன், அவனுக்கு முகம் சரியில்லை. வாட்ஸப்பில் போட்டால் போடட்டும். நான் மாறவில்லை, மச்சான். இதைச் செல்விக்கும் சொல்லிவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, "நாளிக்கு ஒருசந்தி, ஒரு வேளதான் சாப்டணும், ஞாபகம் வெச்சிக்கோ" என்றாள். பட்டினி எனக்கென்ன புதுசா? நாளைக்குக் கஞ்சியைப் பந்தலில் வைத்துத்தான் ஊற்றப்போகிறாளாம்.

சற்று முன் பந்தலில் ஓர் ஒடிசாக்காரப் பிள்ளை, நாளைக்கு இங்கே என்ன என்று அவனுக்குத் தெரிந்த தமிழில் கேட்டான். சீமோன் கதையை நீ சொன்ன மாதிரியே சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, "அவனுக்குக் கூலி குடுத்தாங்களா?" என்றான். இல்லை என்றேன். "நமக்கும் போன மாசம் குடுக்கல" என்றான். நீ இல்லாமல் போனாயே என்று அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

நீ சொன்னதை வைத்தே உன்னிடம் கேட்கிறேன். சீமோன் நம்பித் தூக்கவில்லை. வழியோடு போனவனைப் பிடித்துத் தோளில் வைத்தார்கள். என்னைப் பிடித்தவன் சிப்பாய் இல்லை, நீ. வுட்றாத என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய்.

நாளைக்கு டீக்கடையில் நிற்க மாட்டேன். கேட் முன்னால் நிற்பேன். தோள் கொடுப்பேன், அண்ணாச்சி கடை வரைக்கும் கீழே வைக்க மாட்டேன். ஃபாதர் பாதி சொல்லி நிறுத்துவார். மீதியை இத்தனை வருஷம் எதிர் வாடை டீக்கடையில் நின்று கேட்டிருக்கிறேன், வாய்க்கு வரமாட்டேன் என்கிறது. வருகிறதைச் சொல்வேன். துரை சொன்னதுதான் வரும். இந்தப் பிள்ளைகளுக்குக் கேட்கிற மாதிரி, காசிமேடு வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வேன்.

இப்படிக்கு,
செல்வியின் அண்ணன், இன்னும் எதையும் நம்பாத உன் மச்சான்
கன்னியப்பன்