வெடித்த பனியில் கால் வைக்காதே

திருத்தணி தமிழ்ப் பக்கம் போய் நம் சத்தியவேடு தெலுங்குப் பக்கம் வந்த சார்வரி வருஷம், ஐப்பசி மழையில் நம் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்த அதே வருஷம், தை மாதம்.

சிரஞ்சீவி முனிகிருஷ்ணனுக்கு நைனா ஏகாம்பரம் வாயால் சொல்ல, உன் பெண்சாதி தாட்சாயணி கையால் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா சந்திரம்மாவும் இவளும் உன் தம்பி பழனியும் மாடு கன்றும் ஏழுமலையான் தயவில் சுகம். நீ அங்கே காஷ்மீரில் கை கால் விறைக்காமல் கெட்டித் தரையில் நிற்கிறாய் என்று பதில் வந்தால்தான் எங்களுக்குத் தொண்டையில் சோறு இறங்கும். மேலே உன் பேரை எழுத இவள் கூச்சப்பட்டாள், புருஷன் பேரை எழுதலாமா மாமா என்றாள், எழுது, இன்றைக்குக் கூச்சம் பார்க்கிற நாள் இல்லை என்றேன்.

ஊர் சமாசாரம் என்னவென்றால், தாலுக்கா ஆபீஸ் பலகையைத் தெலுங்கில் எழுதி மாட்டிவிட்டார்கள், பட்டா காரியத்துக்கு இனிமேல் செங்கல்பட்டு போகவேண்டாம், சித்தூருக்குப் போ என்கிறார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அ ஆவும் எழுதுகின்றன, அந்த வளைந்த எழுத்தும் எழுதுகின்றன. உன் அம்மாவுக்கு மட்டும் சந்தோஷம், திருப்பதி இப்ப நம்ம ஜில்லா, சாமிக்கு இனிமே நம்ம வூடு தெரியும் என்கிறாள். வேர்க்கடலை பரவாயில்லை. கறுப்புப் பசு சினையாக இருக்கிறது. இதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம், நான் சொல்ல வந்தது வேறு.

உன் கடுதாசி வந்த அன்று வாசலில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். முதலில் போட்டோவைப் பார்த்தோம். ஒரே வெள்ளை, நடுவில் நீ, காலில் இரண்டு நீளக் கட்டை. உன் அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இவன் இன்னாத்துக்கு உப்பளத்துல போய் நின்னுக்கினு கீறான், ஓட்டல் வேலைன்னு சொல்லிட்டுப் போனான் என்றாள். பிறகு தாட்சாயணி கடுதாசியைப் படித்தாள். பம்பாயிலிருந்தும் டில்லியிலிருந்தும் வேலை மெனக்கெட்டு ரயிலேறி வந்து, குளிரில் மலை உச்சிக்கு ஏறி, காலில் கட்டையைக் கட்டிக்கொண்டு வழுக்கி விழுகிறார்களாம், விழுந்தவர்கள் அழாமல் சிரிக்கிறார்களாம், பொம்பளைகள் கம்பளி அங்கி போட்டுக்கொண்டு சறுக்கு வண்டியில் உட்கார, நீங்கள் மாடு மாதிரி இழுக்கிறீர்களாம். நம் ஊரில் வழுக்கி விழுந்தவனைத் தூக்கிவிட்டு வேப்பெண்ணெய் தடவுவோம். அங்கே விழுவதற்கென்றே வருகிறார்கள் என்றால் நான் எதை நம்ப?

அதற்குப் பிறகு படித்ததுதான் இந்தக் கடுதாசிக்குக் காரணம். நீ எழுதியிருந்தாய், ஏரி உறைந்து கிடக்கிறது, மேலே கோடு கோடாக வெடிப்பு விட்டிருக்கிறது, கூட வேலை செய்கிற காஷ்மீர்க்காரர்கள் இறங்கப் பயந்தார்கள், எங்கள் ஊரில் வெடித்த ஏரி மேல் பார வண்டியே போகும் என்று நான் சொல்லி முன்னால் நடந்து காட்டினேன், வந்தவர்கள் கை தட்டினார்கள், மாசி பிறந்ததும் பெரிய கூட்டம் வருகிறது, அவர்களை வண்டியில் உட்காரவைத்து அக்கரை வரை இழுத்துப் போவேன் என்று. நானும் என்ன செய்தேன் தெரியுமா? மீசையைத் தடவிக்கொண்டு, என் புள்ளடா, பங்குனியில ஏரி வத்தி வெடிச்சா தைரியமா வண்டி ஓட்டு, வழவழன்னு இருந்தா அடியில சேறு, மாடு முழுகிடும்னு நான்தான் சொல்லித் தந்தேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிக்காதவன் அப்பாவு ஒருவன்தான். நீ வடக்கே போன பிறகுதான் அவன் நம் தெருக்கோடியில் சைக்கிள் கடை வைத்தான், சுதந்திரம் வந்த மறுவருஷம் காஷ்மீரில் ரோடு போடுகிற பட்டாளத்தில் இருந்தவன். இன்னொரு தபா படிம்மா என்றான். இவள் படித்தாள். உடனே தடாவுக்கு ஆள் அனுப்பு பெரிப்பா, தந்தி அடிக்கணும் என்றான். உன் தம்பிக்குத்தான் வாய் சும்மா இராதே, குண்டுக்குப் பயப்படாத பட்டாளத்து அண்ணன் ஐஸுக்குப் பயப்படுது பாரு என்றான். அப்பாவு அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டான். போடா, இப்பவே போடா என்று கத்தினான். அவன் குரல் அப்படி உயர்ந்து நாங்கள் கேட்டதே இல்லை. பழனி சைக்கிளை எடுத்தான். ஏரியில் இறங்காதே, கடிதம் பின்னால் என்று வந்திருக்குமே, அந்தத் தந்திதான். அதைப் பார்த்து, கிழவன் போட்டோவைக் கண்டு பயந்துவிட்டான் என்று நீ சிரித்திருப்பாய். சிரிக்காதே.

மறுநாள் காலை அப்பாவு வந்து உட்கார்ந்து, கொடுத்த கூழைக்கூடத் தொடாமல் சொன்னான். மண்ணு வேற தண்ணி வேற பெரிப்பா, மண்ணு வெடிச்சா அடியில தண்ணி போயிடுச்சின்னு அர்த்தம், பனி வெடிச்சா அடியில தண்ணி காத்துக்கினு கீதுன்னு அர்த்தம், மாசியில வெயில் ஏறும், அப்ப அது அரிசி அப்பளம் மாதிரி என்றான். உனக்கு எப்படிடா தெரியும் என்றேன். அப்போதுதான் விஷயத்தை உடைத்தான். நம் தெரு கோவர்த்தனன், மேலத்தெரு சிட்டிபாபு, மிஷன் தெரு கிருபானந்தம், மூன்று பேரும் அங்கே குண்டடி பட்டுச் செத்தார்கள் என்றுதானே இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். குண்டே இல்லையாம். வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைக்காரன் விட்டுப்போன சறுக்குக் கட்டைகள் கிடைத்து, சும்மா விளையாட அப்பாவுவும் சேர்த்து இவர்கள் நாலு பேரும் உறைந்த ஏரியில் இறங்கியிருக்கிறார்கள். பனியில் வெடிப்பு இருந்ததாம். ஏரிப் பாசனத்து ஊர்ப் பிள்ளைகள், வெடிப்பைப் பார்த்ததும் தைரியம் வந்துவிட்டது, உனக்கு வந்த அதே தைரியம். முன்னால் போன மூன்று பேரும் சத்தம்கூட இல்லாமல் உள்ளே போய்விட்டார்கள், பின்னால் வந்த அப்பாவுவை ஒரு படகுக்காரன் இடுப்பு வாரைப் பிடித்து இழுத்துப் போட்டானாம். ஊருக்கு வந்து, விளையாடப் போய்ச் செத்தான் என்று பெற்றவளிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்து, குண்டு பட்டது என்று சொல்லிவிட்டான். கோவர்த்தனன் அம்மா செங்கம்மா போன ஆவணியில் செத்தாள், கடைசி வரை குண்டு என்றே நம்பிக்கொண்டு.

நான் சொல்லித் தந்ததை மறந்துவிடு. அது நம் மண்ணுக்குச் சொன்னது. அந்த ஊர்க்காரன் பயந்தால் நீயும் பயப்படு, அவன் காலை எடுத்தால் நீயும் எடு. முதலாளி கோபித்தால் கோபிக்கட்டும், வேலை போனால் வந்துவிடு, கடலைக்காட்டில் உனக்கு இடம் இருக்கிறது. உன்னை நம்பி வண்டியில் உட்காருகிறவர்களுக்கும் பெற்றவர்கள் இருக்கிறார்கள். உன் அம்மா முடி காணிக்கை வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டாள். தாட்சாயணி எழுதிக்கொண்டே இரண்டு இடத்தில் நனைத்துவிட்டாள், மை கலங்கியிருந்தால் கோபித்துக்கொள்ளாதே. தலைமுறை தழைத்து, தலை நரைத்து, என்னைப் போல் பல்லில்லாமல் வாழ்வாயாக. மாசி பிறப்பதற்கு முன் ஒரு வரி பதில் போடு, மறக்காதே.

இப்படிக்கு உன் நைனா ஏகாம்பரம், இடது கைப் பெருவிரல் ரேகை.

ரேகை வைத்த பிறகு சொல்வது. எழுதியதை இவள் படித்துக் காட்டும்போது அப்பாவு பக்கத்திலேயே இருந்தான். வெடிப்பு வுட்டுக்கீது, தைரியமா வாங்கடான்னு அன்னிக்கு சொன்னது யாருன்னு எழுதலியே பெரிப்பா, அதையும் எழுதச் சொல்லு, அப்பத்தான் அவன் கேப்பான் என்றான். எழுதுகிறேன். சொன்னவன் அவன்தான். அந்த நாலு பேரில் இன்றைக்கு உயிரோடு இருப்பவனும் அப்பாவு ஒருவன்தான்.