சைபர் போடாத மழை நோட்டு

அக்டோபர் 7, 2024. திங்கள்

மறுபடியும் அந்தத் தானியங்கிக் கடிதம். ‘பாலமணிகண்டன், உங்கள் மாற்றத்தில் பதினோரு மாதமாக அசைவில்லை. நவம்பர் 30-க்குள் வேலை முடியாவிட்டால் மூடப்படும்.’

உலகமெங்கும் பலர் சேர்ந்து எழுதுகிற ஓப்பன் சோர்ஸ் ஸ்ப்ரெட்ஷீட்டின் வரைபடப் பகுதிக்காக என் வீட்டுக்காரர் எழுதிய நிரல் மாற்றம். முடிக்காமலே போய்விட்டார். மூடிவிட்டால் அவர் எழுதியது யாருக்கும் போய்ச் சேராது. அவர் கணக்கிலேயே உள்ளே போய், ‘வேலை நடந்துகொண்டிருக்கிறது’ என்று ஒரு வரி போட்டேன். பாஸ்வேர்டு எனக்குத் தெரியும்.

அக்டோபர் 9

பழைய விவாதங்களைப் படித்தேன். அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் மென்பொருள் அதை சைபர் என்று எடுத்துக்கொண்டு வரைபடக் கோட்டைத் தரைக்கு இறக்கிவிடுகிறது. அந்த இடத்தில் சாம்பல் பட்டை வரும்படி அவர் எழுதினார். ‘காலி என்றால் தெரியாது என்று அர்த்தம். தெரியாததை சைபர் என்று சொல்ல நாம் யார்?’ என்று அத்தனை பேரோடும் மல்லுக்கு நின்றிருக்கிறார். வாய் தெலுங்கில் திட்டும், கை இங்கிலீஷில் மரியாதையாக டைப் அடிக்கும்.

இப்போது வீட்டில் தெலுங்கு பேச ஆளில்லை.

அக்டோபர் 16

மார்த்தா பதில் போட்டிருக்கிறாள். எந்த நாட்டுக்காரியோ, வரைபடப் பகுதிக்கு அவள்தான் பொறுப்பு. ‘பாலமணிகண்டன், நீங்கள் திரும்பி வந்ததில் சந்தோஷம். நிஜத் தகவலோடு ஓர் உதாரணம் அனுப்புங்கள்.’

அந்த முதல் வரியை எத்தனை தடவை படித்தேனோ. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏதோ ஓர் இடத்திலாவது அவர் இருந்துவிட்டுப் போகட்டுமே.

அக்டோபர் 17

இன்று பேசியது மொத்தம் இரண்டு வார்த்தை. சிலிண்டர் கொண்டுவந்தவரிடம், ‘அங்கன வைங்க.’

அக்டோபர் 24

உதாரணம் போய்விட்டது. திருச்சுழி விவசாயிகள் குழுவுக்கு நான் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொடுக்கிற மழை அளவுதான். நரிக்குடிப் பக்கம் மாரிச்சாமி அண்ணன் நோட்டில் எழுதி வைப்பது. எண் உள்ள நாட்களை மட்டும் ஏற்றினேன். அவர் ஒன்றும் எழுதாமல் விட்ட நாளும், சின்னக் கோடு கிழித்த நாளும் காலிக் கட்டமாகிவிட்டன.

அக்டோபர் 28

மார்த்தா கேட்கிறாள்: ‘வருஷத்தில் முந்நூற்று இருபது நாள் சாம்பல். உங்கள் மழைமானி வேலை செய்கிறதா?’

பார்த்தால் படம் முழுக்கச் சாம்பல்தான். அவளுக்கு அனுப்புவதற்கு முன்னால் நான் எங்கே பார்த்தேன்?

அக்டோபர் 31

தீபாவளி. எனக்கு இந்த வருஷம் கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன்.

நவம்பர் 2, சனி

பஸ் ஏறி நரிக்குடி போனேன். மாரிச்சாமி அண்ணன் முன்னால் நோட்டைப் பிரித்து வைத்து, “என்னண்ணே, இத்தன நாளு அளக்கலையா?” என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

“அளக்காம எங்க போறேன்? தெனமும் காலைல எட்டரைக்குப் பாத்துருவேன். அன்னைக்கெல்லாம் மழ பேயல, அவ்வளவுதான்.”

“அப்ப சைபர் போட்டிருக்கலாம்ல?”

“மழைக்கு நேர சைபர் போடுவாகளா தாயி? நம்ம கையால எழுதலாமா அத? சும்மா விட்டுறணும்.”

“இந்தக் கோடு?”

“அது சோலையம்மா ஆஸ்பத்திரில கெடந்த பதினாலு நாளு. நான் கூட இருந்தேன், இங்க பாக்கல. பாக்கலைன்னா பாக்கலைன்னு போட்டுறணும்ல.”

அவர் மனைவி சோலையம்மாள் காப்பி கொண்டுவந்தார். “ஒத்தையிலயாம்மா இருக்க?” என்றார். ஆமாம் என்றேன். திரும்பி வரும்போது பந்தல்குடி ரோட்டு லாரிகளுக்கு நடுவே பஸ் நின்றிருந்த நேரம் முழுக்க அழுதுகொண்டிருந்தேன். பக்கத்து சீட்டு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ஆக, இங்கே காலி என்றால் சைபர். கோடு என்றால்தான் தெரியாது. என் வீட்டுக்காரர் எழுதியதற்கு நேர் எதிர்.

நவம்பர் 9

எது சைபர், எது தெரியாதது என்பதை அட்டவணை போடுகிறவரே சொல்லட்டும் — அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்ற நிரல் அறிவை வைத்து அப்படி மாற்றிவிட்டேன். அதற்காக அவருடைய நாற்பத்தாறு வரிகளை அழிக்க வேண்டியிருந்தது. ஒரே அழுத்தில் அழித்திருக்கலாம். ஒவ்வொன்றாகப் படித்துப் படித்து அழித்தேன். ‘இதுல நீங்க தப்பு’ என்று வாய்விட்டே சொன்னேன். உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் சொன்னதில்லை.

நவம்பர் 14

மார்த்தா: ‘நன்றாக வந்திருக்கிறது. ஆனால் பாலமணிகண்டன், காலி ஒருபோதும் சைபர் ஆகாது என்று எங்கள் எல்லோரோடும் வாதாடியது நீங்கள்தானே. ஏன் மனம் மாறினீர்கள்? அதை எழுதுங்கள், மற்றவர்களும் கேட்பார்கள்.’

அவர் எங்கே மாறினார்? மாறுகிற ஆளா? அவர் சொல்லாததை அவர் சொன்னதாக எழுதச் சொல்கிறாள். இவ்வளவு நாளாக நான் செய்ததும் அதுதானே. அவரைக் காப்பாற்றுகிறேன் என்று அவர் வாயில் என் பேச்சைத் திணித்துக்கொண்டிருக்கிறேன். சே.

நவம்பர் 18

இரண்டு மூன்று நாள் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. இன்று என் பெயரில் கணக்கு திறந்து எழுதினேன்.

‘நான் வேணி, பாலமணிகண்டனின் மனைவி. அவர் சென்ற வருடம் நவம்பர் 19 அன்று இறந்துவிட்டார். அக்டோபரிலிருந்து அவர் பெயரில் பதில் எழுதியது நான். மன்னியுங்கள். அவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றியது நான். காரணம் கீழே.’

கீழே மாரிச்சாமி அண்ணன் நோட்டைப் பற்றி எழுதினேன். இறந்துவிட்டார் என்று என் கையால் எழுதியது இதுதான் முதல் தடவை. ஆபீஸ் ஃபாரம் எல்லாம் கொழுந்தனார்தான் நிரப்பினார். அனுப்பிவிட்டுத் துணி துவைத்தேன்.

நவம்பர் 19

வருஷம் முடிந்தது. கொழுந்தனார் வீட்டில் படைத்தார்கள். மார்த்தாவிடமிருந்து ஒன்றும் இல்லை. இனி வராது.

நவம்பர் 23

வந்துவிட்டது. நீளமாக எழுதியிருக்கிறாள். ‘அவரோடு வாதாடுவது எனக்குப் பிடிக்கும். இரண்டு பெயரையும் போடுவோம்’ என்கிறாள். பதில் எழுதிவிட்டு அவர் கணக்கிலிருந்து வெளியேறினேன். பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொள்ளும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லியிருந்ததையும் நீக்கிவிட்டேன்.

நவம்பர் 27

காலையில் திறந்தால் ஒரே ஒரு குறிப்பு.

‘வேணி, 61-ஆவது வரி தப்பு. மாதத்தின் கடைசி நாள் விட்டுப்போகிறது. நாளைக்குள் திருத்த முடியுமா?’

போய்ப் பார்த்தேன். தப்புதான். அவர் எழுதியதில்லை, நான் எழுதியது. ‘முடியும்’ என்று பதில் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.