ஜூஜூவாடியில் வழிவிட்ட பட்டாளம்

வாய் ஓயாத என் அப்பாவுக்கு,

எல்லைக்குப் படை போகிறது என்று நேற்று டிவியில் மறுபடியும் சொன்னார்கள். அவ்வளவுதான், வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. உங்கள் பேரன் அடிக்கணும் என்கிறான். தினமும் கம்பெனி பஸ்ஸில் கர்நாடகா போய்வருகிற அவன் மகள் பேசணும் என்கிறாள். நீங்களும் மாமாவும் காப்பி கிளப்பில் கத்தியதைப் போலவே இருந்தது. எனக்கு உங்கள் மாட்டு வண்டிதான் ஞாபகம் வந்தது.

ஐம்பத்தொன்பதாம் வருஷக் கடைசி அல்லவா அது? வடக்கே சீனாக்காரன் எல்லைக்குள் நுழைந்துவிட்டான் என்று ஓசூர் முழுக்க ஒரே பேச்சு. "பட்டாளத்த அனுப்பறதுக்கு முன்னால ஒருக்கா ஒக்காந்து பேசிப் பாக்கட்டுமே மச்சான்" என்பாராம் மாமா. "பேசுனா கேக்கறவனா அவன்? அனுப்புங்கறேன் பட்டாளத்த!" என்று டெல்லிக்கே கேட்கும்படி நீங்கள் கத்துவீர்களாம். டெல்லிக்குக் கேட்டதோ இல்லையோ, ஒருநாள் காலையில் பட்டாளம் ஓசூருக்கே வந்துவிட்டது.

நான் அப்போது ஓசூரைத் தாண்டியதும் வரும் கன்னட ராஜ்யத்து அத்திப்பள்ளியில், புகுந்த வீட்டில் இருந்தேன். நிறைமாசம். முதல் பிள்ளை அங்கே பிறந்து தங்காமல் போய்விட்டது. அடுத்தது ஓசூரில்தான், பெரியாஸ்பத்திரிப் பக்கத்தில் நம் வீட்டில்தான் என்று நீங்கள் ஒற்றைக்காலில் நின்றீர்கள். என் மாமியாரோ, ராகி அறுப்பு முடியட்டும் என்று நாளைத் தள்ளிக்கொண்டே போனார்.

பெங்களூர் ரோட்டில் பச்சை லாரிகள் வரிசையாகப் போவதைப் பார்த்து யாரோ கிளப்பில் வந்து சொன்னார்களாம், "எல்லைக்கு மிலிட்டரி போவுது!" என்று. எல்லை என்றால் நமக்கு எது, அப்பா? ராஜ்யங்களைப் பிரித்து அப்போதுதான் மூன்று வருஷம். ஆந்திராவோடு சில கிராமங்களை மாற்றிக்கொள்ளும் பேச்சு வேறு. எந்தக் கல்லை எங்கே நடுவார்களோ என்று எல்லோருக்கும் பயம். ஓசூர்க்காரன் காதில் எல்லை என்று விழுந்தால் இமயமலையா ஞாபகம் வரும்? அத்திப்பள்ளிதான் வரும்.

"எம்பொண்ணு அந்தப் பக்கம் மாட்டிக்கினா!" என்று அலறிக்கொண்டு மாட்டைப் பூட்டினீர்களாம். "நீங்கதான மச்சான் பட்டாளத்த அனுப்பச் சொன்னீங்க?" என்று மாமா பின்னாலேயே ஓடிவந்தாராம். மிலிட்டரி லாரியோடு மாட்டு வண்டியில் பந்தயம் விட்டவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான்.

எல்லைக்கு இந்தப் பக்கத்துக் கடைசி ஊரான ஜூஜூவாடியில் லாரிகள் ஓரங்கட்டி நின்றிருந்தன. பட்டாளத்தார் டீ போட இறங்கியிருந்தார்கள். எல்லையை மூடிவிட்டார்கள் என்றே நீங்கள் நினைத்தீர்கள். முன்னால் நின்ற ஒரு சிப்பாயிடம் கைகூப்பி, "ஸ்வாமி, நன்ன மகளு ஆ கடெ இத்தாளெ" என்று கன்னடத்தில் ஆரம்பித்தீர்கள். அவன் விழிக்கவும் தெலுங்குக்குத் தாவினீர்கள்.

"தமிழ்லயே சொல்லுங்க ஐயா. நான் சிங்காரப்பேட்டைங்க."

"எம்பொண்ணு நெறமாசமா அந்தப் பக்கம் இருக்கறா சாமி. அவள இட்டாந்துர்றேன். அப்புறம் எல்லைய மூடிக்கங்க."

அவன் சிரிக்கவே இல்லை என்று கடைசிவரை சொல்வீர்கள். "இத யாருங்க மூடப்போறா? எங்க எல்லை வடக்கங்க. பனிமலையாம். நீங்க போயி பொண்ணக் கூட்டியாங்க."

அனுப்பு அனுப்பு என்று கத்தினோமே, அனுப்புவது இவனையா? அந்த இடத்தில்தான் உங்களுக்கு அது உறைத்ததாம்.

என்னை ஏற்றிக்கொண்டு நீங்கள் திரும்பியபோது லாரிகள் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தன. நான் அவ்வளவு வண்டிகளை ஒரே இடத்தில் பார்த்ததே இல்லை. மாடுகள் மிரண்டு வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்திவிட்டேன். அந்த சிப்பாய் முன் லாரிக்கு ஓடிப்போய் ஏதோ சொன்னான். ஒன்று நின்றது. அடுத்தது நின்றது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒவ்வொன்றாக எல்லா எஞ்சினும் அடங்கிவிட்டது.

துப்பாக்கிக்காரர்கள் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். நம் மாட்டுச் சலங்கை மட்டும்தான் கேட்டது. அத்தனை பெரிய பட்டாளம், பிறக்காத ஒரு பிள்ளைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது, அப்பா.

நீங்கள் இறங்கிப் போய், உங்கள் தோளில் கிடந்த கறுப்புக் கம்பளியை அவனிடம் நீட்டினீர்கள். "பனிக்கு இது பத்தாதுங்க ஐயா" என்றான். பிறகு, "ஆனா குடுங்க" என்றான். அந்த வெயிலிலேயே அதைப் போர்த்திக்கொண்டு லாரியில் ஏறினான்.

அந்த வாரமே உங்கள் பேரன் பிறந்தான். "அந்தப் பட்டாளத்துப் புள்ள பேரு என்னங்க?" என்று அம்மா கேட்டதும் நீங்கள் தலையில் கைவைத்துக்கொண்டீர்கள். நம் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் முதலில் எந்த ஊரு என்றுதானே கேட்போம்? ஊர் தெரிந்ததும் பேர் தெரிந்த மாதிரியே பேச ஆரம்பித்துவிடுவோம். "ஊரு தெரிஞ்சுது, பேரக் கேக்காம உட்டுட்டனே" என்று அன்று முழுக்கப் புலம்பினீர்கள்.

அதற்காக நீங்கள் மாமாவின் கட்சிக்கு மாறிவிடவில்லை. ஆனால் சில வருஷத்தில் நிஜமாகவே சண்டை மூண்டபோது, காப்பி கிளப்பை விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டில் போய் நின்றீர்கள். சிங்காரப்பேட்டை என்று யார் சொன்னாலும், "உங்கூரு பட்டாளத்துப் பையன், கம்பளி போத்திக்கினு போனானே, வந்துட்டானா?" என்று கேட்டீர்கள். யாருக்கும் தெரியவில்லை. அவன் திரும்பினானா அப்பா? நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்திலாவது உங்களுக்குத் தெரிந்ததா?

நேற்று சண்டை முற்றியபோது நான் டிவியை அணைத்துவிட்டேன். "அடிக்கணும்னு கத்தறயே, ஒனக்கு எந்தப் பட்டாளம் வழிவிட்டுச்சுன்னு தெரியுமா?" என்று உங்கள் பேரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சின்ன வயதில் கேட்ட கதைதான், மறந்துவிட்டானாம். அறுபது தாண்டிய ஆள், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிறகு கேட்டான்: "அவரு பேரு என்னம்மா?"

ஞாயிற்றுக்கிழமை என்னைக் காரில் சிங்காரப்பேட்டைக்குக் கூட்டிப் போகிறான். ஊர்தான் தெரியுமே, அப்பா. இந்தத் தடவை பேரைக் கேட்காமல் திரும்ப மாட்டேன்.

வண்டியில் வந்த உங்கள் மூத்த மகள்,
அத்திப்பள்ளிக்காரி