வசந்திக்கு வைத்த சீனி

12.3.1974, செவ்வாய்

ருவான்வெல்லைக் கடைகளில் சீனி கிடைக்காமல் போனதிலிருந்து நானும் சரோஜாவும் சீனி போடாத வெறும் தேத்தண்ணிதான் குடித்தோம். ரேஷன் கூப்பனுக்குக் கிடைத்த கொஞ்சத்தை எங்கள் குழந்தை வசந்தியின் பாலுக்கு வைத்தோம். போன வாரம் வயிற்றோட்டத்தில் வசந்தி போய்விட்டாள்.

இன்று தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் வேலை முடிந்து வந்ததும் சரோஜா தேத்தண்ணி கொடுத்தாள். நன்றாக இனித்தது.

“சீனி போட்டியா?”

“டப்பாவுல அப்படியே கெடக்குதுங்க. இனி யாருக்கு வைக்கிறது?”

அவள் அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. முழுவதையும் குடித்தேன். இன்னும் ஊற்றவா என்றாள். சரி என்றேன். இரண்டாவதையும் குடித்தேன்.

பிறகு அவளுடைய கோப்பையில் மிச்சமிருந்ததை வாயில் வைத்துப் பார்த்தேன். அதில் சீனி இல்லை.