அழகுராஜா எடுத்த பத்து நிமிடப் படம்

முனீஸ்வரி அப்பாவுக்கு, சீனியம்மாள் வணங்கி எழுதுவது. மதுரையில் ஹாஸ்டல் சமையல் வேலையும் நானும் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா?

நம் பேரன் அழகுராஜா காலேஜில் ஒரு குறும்படம் எடுத்தான். அந்தக் காலத்தில் கொட்டகையில் பெரிய படத்துக்கு முன்னால் ஓடிய சின்னப் படத்துக்கே பெட்டி பெட்டியாக மிஷின் வேண்டும். இவன் போனிலேயே எடுத்துவிட்டான். புருஷன் செத்தவளாக நான் நடித்தேன். அழுகை வரவில்லை.

அவன் போனும் கையுமாக ஓடி வந்து, "அம்மாச்சி, தாத்தா போயிட்டாராம்" என்றான். ஊரிலிருந்துதான் பேசினார்கள் என்று நம்பி, மாரில் அடித்துக்கொண்டு தாலிக்கயிற்றை அறுத்தெறிந்தேன். போன் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. பையன்கள் கைதட்டினார்கள்.

"சும்மா சொன்னேன் அம்மாச்சி. கயிறு அறுத்தது படத்துல சரியா விழல, இன்னொருக்கா அழு" என்றான்.

"போடா, அவரு எத்தனை தடவைடா சாவாரு?" என்றேன்.

படத்துக்கு முதல் பரிசு. நம் பிள்ளை, எனக்குப் பெருமைதான். ஞாயிற்றுக்கிழமை நம்மூர் கொட்டாம்பட்டியில் திரை கட்டிக் காட்டப்போகிறான். உங்களுக்கு ஒன்றும் சொல்லாமல் முன்னால் உட்காரவைத்து, நீங்கள் கலங்குவதை அடுத்த படத்துக்கு எடுப்பானாம். சொல்லக்கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். உங்களுக்குப் போனில் காது கேட்காதே, அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கே கயிற்றில் மஞ்சளை முடிந்து நானே கட்டிக்கொண்டேன், மனசு ஒப்பவில்லை. ஒரு கயிறு வாங்கி வையுங்கள், நான் வந்ததும் உங்கள் கையால் கட்டிவிடுங்கள். படம் ஓடும்போது மட்டும் அழுதுவிடாதீர்கள். அவன் போனைத் தூக்கியதும் அவன் முகத்தைப் பார்த்து நன்றாகச் சிரியுங்கள்.

உலை பொங்குகிறது, பேனாவை வைக்கிறேன்.

சீனியம்மாள்